இருபத்தைந்து வயதின் குரல் யாருக்குச் சொந்தம்?

ஒரு மனிதன் இருபத்தைந்து வயதிற் பாடிப் பதிந்த பாட்டுக்களை ஐம்பத்தேழு வயதில் மறுபடி பாடிப் பதிகிறான். பெயர் அதே பெயர். வரிசை அதே வரிசை. சொற்களும் அவையே. இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘எது அந்தப் பாட்டு?’ என்று கேட்டால் என்ன சொல்வது? அதைவிடச் சிக்கலானது அடுத்த கேள்வி. இப்படிச் செய்ய அவனுக்கு உரிமை இருக்கிறதா? ‘தன்னுடையதைத் தான் திருத்துகிறான், இதில் மற்றவனுக்கு என்ன வந்தது?’ என்று கேட்டு விடயத்தை முடித்துவிடுபவர்கள் உண்டு. எமக்கு அது அவ்வளவு லேசாக முடியும் விடயமாகப் படவில்லை.

ஜேர்மனியின் கிறெஃபெல்ட் நகரத்துக்காரர்கள் ‘பிளைன்ட் கார்டியன்’ என்ற இசைக்குழுவினர். 1980களின் நடுப்பகுதியில் வேறொரு பெயரிற் தொடங்கிப் பின்னர் இந்தப் பெயருக்கு வந்தவர்கள். இவர்களுடைய நான்காவது இசைத்தட்டு ‘சம்வெயர் ஃபார் பியோண்ட்’ 1992 இல் வெளிவந்தது. 2024 ஜூலையில் அதே தட்டை முழுவதுமாகத் திரும்ப வாசித்து, பெயரின் பின்னால் ‘றிவிசிற்றெட்’ என்ற ஒரு சொல்லை மட்டும் ஒட்டி வெளியிட்டார்கள். திரும்பப் போய்ப் பார்த்தது என்று அர்த்தம். திரும்பப் போய்ப் பார்ப்பது என்றாலே எம்மவர்க்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்யும் என்பது தெரிந்ததுதான்.

இந்த இசைக்கு ‘பவர் மெற்றல்’ என்று பெயர். கேட்டிராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வதானால், இரண்டு காலாலும் ட்றம்மை அடித்துக்கொண்டு ஓடும் வேகம், அதற்கு மேலே இரண்டு கிற்றார்கள் கைகோர்த்துப் போகும் மெட்டு, அதற்கும் மேலே ஒரு பட்டாளமே சேர்ந்து பாடுவது போன்ற கோரஸ். பாட்டுக்களின் பொருள் பெரும்பாலும் புராணம் மாதிரியான கதைகள். இந்தத் தட்டில் ‘பிளேட் றன்னர்’ திரைப்படம் இருக்கிறது, டோல்கீனின் ‘ஹொபிற்’ இருக்கிறது, ஸ்டீபன் கிங்கின் ‘டார்க் ரவர்’ நாவல் இருக்கிறது. வெளியிலிருந்து கேட்பவருக்கு வெறும் இரைச்சல். உள்ளே போனவருக்கு ஒரு ஊர்.

நாம் உள்ளே போனது குசினி வழியாக. ‘நாம்’ என்று இங்கே சொல்வது ஒரே உணவகத்துக் குசினியில் நிற்கும் மூன்று தமிழரை. ஒருவர் கோப்பை கழுவுகிறார், ஒருவர் சலாட் மேசை, மற்றவர் அடுப்பு. எம்மில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவர். மற்ற இருவரும் அவரைப் ‘புரொபெசர்’ என்று கூப்பிடுவதில் எந்த மரியாதையும் இல்லை. எமது தலைமைச் சமையற்காரர் ஜேர்மன்காரர். 1992 இல் பதினேழு வயதிலே இந்தத் தட்டைக் கசெற்றாக வாங்கியவர். அவர் இருக்கும் நேரம் இதுதான் குசினியில் ஓடும். பத்து வருடமாக வெங்காயமும் இதுவும் சேர்ந்தே எமக்குள் போயிருக்கின்றன. புதுப்பதிவு வந்தபோது அவர் ஒரு தடவை கேட்டுவிட்டு ‘இது அவர்கள் இல்லை’ என்றார். எம்மோடு தொழில் பழகும் பத்தொன்பது வயதுப் பெடியன் புதியதையே முதலிற் கேட்டவன். பழையதைப் போட்டபோது ‘தகரப்பேணிக்குள் இருந்து வாசிக்கிறார்கள்’ என்றான். வழக்கு இப்படித்தான் எம்மிடம் வந்தது.

காதுக்குத் தெரிவதை முதலிற் சொல்லிவிடுவோம். பெடியன் சொன்னதில் உண்மை உண்டு. பழைய பதிவு மெல்லியது. ட்றம்மின் அடிச்சத்தம் வயிற்றில் வந்து விழாது. பேஸ் கிற்றாரைத் தேடிப் பிடிக்கவேண்டும். புதியதில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி அறை கொடுத்தது போல இருக்கிறது. கோரஸ் அகன்று நிற்கிறது. முன்னர் கூச்சலுக்குள் அமுங்கிப்போன இரண்டாம் கிற்றாரின் ஓட்டங்கள் இப்போது தெளிவாகக் கேட்கின்றன. ஆனால் பழைய தட்டின் முதற் பாட்டைப் போட்டுப் பாருங்கள். யாரோ பின்னால் துரத்துகிறார்கள் என்ற மாதிரியான ஓட்டம் அது. ஹன்சி கூர்ஷின் குரல் அங்கே தொண்டை கிழிகிற இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. திரும்பி வருமா வராதா என்று பாடுகிறவருக்கே தெரியாது போல. 2024 இன் கூர்ஷுக்குத் தெரியும். எங்கே மூச்செடுப்பது, எங்கே குரலை இறக்குவது, எந்த இடத்தைக் கோரஸிடம் விட்டுவிடுவது எல்லாம் முப்பது வருட மேடை கற்றுக்கொடுத்திருக்கிறது. விழாத மனிதர் கயிற்றில் நடப்பதைப் பார்ப்பது போல. அழகுதான். கை வியர்க்காது.

வேறு மாற்றங்களும் உண்டு. 1992 இல் பாடியவரே பேஸ் கிற்றாரையும் வாசித்தார். 1995 இன் தட்டுக்குப் பிறகு அதை விட்டுவிட்டார். ட்றம் வாசித்த தோமன் ஸ்ரவ்ஹ் 2005 இற் குழுவை விட்டு விலகினார். அவருடைய இடத்தில் அப்போதிருந்து ஃபிரெடெரிக் ஏம்கே. ஆக, நால்வரில் மூவர்தான் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஏம்கே கெட்டிக்காரர், அதிற் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் அடிக்கவேண்டியது இன்னொருவர் தமது இளவயதில் யோசித்து வைத்த அடி. அதை அப்படியே அடித்தால் ‘பார்த்து எழுதியவர்’, மாற்றினால் ‘கெடுத்தவர்’. இன்னொருவர் செய்து புகழ்பெற்ற கறியை அவர் போனபின் செய்யப் பணிக்கப்பட்ட எவருக்கும் இந்த இக்கட்டு விளங்கும்.

‘புரொபெசர்’ இவ்விடத்தில் தேசியஸின் கப்பலை இழுத்துக்கொண்டு வந்தார். புளூட்டார்க் எழுதிவைத்த பழைய புதிர். பழுதான பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் நிற்பது அதே கப்பலா? இது பலருக்கும் தெரிந்தது. பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் இதிலே இன்னொரு முடிச்சுப் போட்டார். கழற்றி எறிந்த பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கிச் சேர்த்து, அதே ஒழுங்கில் மறுபடி பூட்டிவிட்டால்? அப்போது இரண்டு கப்பல்கள் நிற்குமே, எது தேசியஸினுடையது? எமது வழக்கு ஹொப்ஸினுடைய வழக்கு. பழைய கப்பல் எங்கும் போகவில்லை, பலகை பலகையாக அப்படியே நிற்கிறது. பக்கத்திலே புதுப்பலகையில் இன்னொன்று. ஓட்டுபவர்களோ பழைய மாலுமிகள், கொஞ்சம் நரைத்தவர்கள். கப்பலின் அடையாளம் பலகையில் இருக்கிறதா, மாலுமியில் இருக்கிறதா?

தலைமைச் சமையற்காரர் பலகைக் கட்சி. பெடியனுக்கு இதெல்லாம் அலுப்பு. எது நன்றாக மிதக்கிறதோ அதுதான் கப்பல் என்பான். எமக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. காரணம், எமது கசெற்றுகள்.

1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வயரிழுத்துப் பாட்டுக் கேட்ட காலம். எம்மில் மூத்தவருக்கு அப்போது ஐந்தாறு வயது. சுற்றுகிறவருக்குக் கை அலுத்தால் பாடுகிறவருக்கும் குரல் அலுக்கும். ஆள் மாறினால் பாட்டு திடீரென்று துள்ளி எழும்பும். அப்படிக் கேட்டுக் கேட்டுப் பதிந்த சினிமாப் பாட்டுக்களை இங்கே வந்து சுத்தமான சீடியிற் கேட்டபோது எமக்கு ஏதோ பிழைபோல இருந்தது. சரணத்தின் நடுவில் குரல் தொய்யவேண்டிய இடத்தில் தொய்யவில்லை. ஸ்ரூடியோவிற் பாடியவருக்கு எமது தொய்வு தெரியாது. ஆனால் எமது காதில் இருக்கும் ‘மூலப்பிரதி’ அந்தத் தொய்வோடு கூடியதுதான். அதைத் தகரப்பேணி என்று யாராவது சொன்னால் அவரோடு வாதாடமாட்டோம். விட்டும் கொடுக்கமாட்டோம்.

ஆகவே ஒரு பாட்டு வெளியே போனபின் அதன் குறைகளும் கேட்டவருடைய சொத்தாகிவிடுகின்றன. செய்தவர் அவற்றைக் குறை என்று நினைக்கிறார். கேட்டவர் அவற்றின்மீது தமது வயதைக் கட்டி வைத்திருக்கிறார். எமது சமையற்காரர் அந்த மெல்லிய ட்றம் சத்தத்தைக் காப்பாற்ற நினைப்பது ட்றம்முக்காக மட்டுமல்ல. இதை வெறும் பழைய ஞாபகப் பைத்தியம் என்று தள்ளிவிடலாம்தான். அப்படித் தள்ளுகிறவர்கள் தமது பெட்டிக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

எமக்குள்ளே வாக்குவாதம் முற்றியது ஒரு பாட்டில். ‘ஆஷஸ் ரு ஆஷஸ்’. கூர்ஷ் தமது தகப்பனின் சாவை வைத்து எழுதியது. கற்பனைக் கதைகளுக்கு நடுவே ஒரு நிசமான பிணம். கேள்வி இதுதான்: இருபத்தைந்து வயதில், காயம் ஆறாமல் பாடியதை முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு ஸ்ரூடியோவுக்குள் நின்று ‘இன்னொருமுறை’ என்று பாடுவது எப்படி? துக்கத்தைத் திரும்பப் பதிவு செய்ய முடியுமா? முடியுமென்றால் முதலாவது துக்கமா, பயிற்சியா?

சலாட் மேசையில் நிற்பவர் ‘இது நடிப்பு’ என்றார். கோப்பை கழுவுபவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய தகப்பன் 2014 இல் ஊரிற் செத்தார். இவரிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப்பத்திரம்; எந்த நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போகமுடியாது. கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். இவர் அன்றைக்கும் வேலைக்கு வந்தார். ஜேர்மன் குடியுரிமை கிடைத்தபின், 2023 இற் போய்க் கீரிமலையில் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைச் செய்தார். ‘எல்லாம் அப்பவே முறையாய்ச் செய்தாச்சு தம்பி, திரும்ப என்னத்துக்கு?’ என்று சொந்தக்காரர் கேட்டிருக்கிறார்கள். ஐயர் மந்திரம் சொன்னார், இவர் தண்ணீர் விட்டார். அழுகை வரவில்லை என்றார். ஆனால் கை சரியாக வேலை செய்தது என்றார். அந்தச் சொல்லை நாம் மறக்கவில்லை.

அது நடிப்பா? ஒன்பது வருடம் பிந்திய கிரியை போலியா? 2014 இல் நடந்ததுதான் ‘அசல்’ என்றால், அங்கே மகன் இல்லை. 2023 இல் மகன் இருந்தார், பிணம் இல்லை. இதில் எதை எறிவது?

வி. வி. வைரமுத்துவை எமது தலைமுறை நேரிற் கண்டதில்லை. அவர் 1989 இற் போய்விட்டார். ஆனால் அவருடைய ‘மயான காண்டம்’ பற்றிச் சொல்லாத பெரியவர் எமது பகுதியில் இல்லை. இடுகாட்டில் நின்று, செத்த பிள்ளையின் முன்னால் அரிச்சந்திரன் பாடுவதை, இளமை தொடங்கி வயது போகும்வரை, ஆயிரம் மேடைக்கு மேல் பாடியவர் என்பார்கள். கோயில் வீதியிற் பாயை விரித்துக்கொண்டு விடியவிடிய இருந்த சனம் ‘போன வருசம் அழுதது அசலா, இந்த வருசம் அழுவது அசலா’ என்று கேட்கவில்லை. கூத்திலே முதற்பிரதி என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு இரவும் அது அந்த இரவினுடையது. இசைத்தட்டு வந்த பிறகுதான் ஒரு இரவு மற்ற எல்லா இரவுகளுக்கும் எசமானாக உட்கார்ந்துகொண்டது. பிளைன்ட் கார்டியனும் இந்தப் பாட்டுக்களை மேடைமேடையாக ஆயிரம் விதமாகப் பாடியவர்கள்தான்; 2022 இல் விழா மேடைகளில் இந்தத் தட்டை முழுமையாகவே வாசித்தார்கள். அதையெல்லாம் யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. தட்டாக வந்ததும் மட்டும் கோபம் வருகிறது.

அப்படிப் பார்த்தால், எமது தீர்ப்பிலே அந்த ஒரு பாட்டு புதியதிற் தாழ்ந்து போகவில்லை. 1992 இற் பாடியவன் மகன். 2024 இற் பாடுகிறவர் தகப்பன்மாரின் வயதில் நிற்கிறார். கத்தவேண்டிய இடத்தில் இப்போது கத்தல் குறைவு. அது குரல் போனதாலா, துக்கம் வேறு இடத்துக்கு நகர்ந்ததாலா என்று பிரித்தறிய எமக்குத் தெரிந்த வழி இல்லை, அவசியமும் இல்லை. வேகமான பாட்டுக்களில் நாம் பழையதன் பக்கம். இந்தப் பாட்டில் இரண்டும் வேண்டும். (சலாட் மேசை இத்தீர்ப்பை ஏற்கவில்லை என்பதையும் எழுதச் சொன்னார்.)

‘த பார்ட்ஸ் சோங்’ என்ற பாட்டின் நிலைமை வேடிக்கையானது. தட்டில் அது ஓர் அமைதியான பாட்டு. கிற்றாரைத் தடவி வாசித்து, மூன்று நிமிடமளவில் முடிந்துவிடும். பாணர்களைப் பற்றிய பாட்டு. காலப்போக்கிற் கேட்பவர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். மேடையில் முதற் சொல் வந்ததும் பாடகரை மேவிச் சனம் பாடும். 2003 இல் வெளிவந்த அவர்களுடைய நேரடிப் பதிவிற் கேட்கலாம். பாடகர் அங்கே கிட்டத்தட்ட விருந்தாளி. இப்போது ஸ்ரூடியோவின் மௌனத்துக்குள் போய் அதைத் தாமே திரும்பப் பாடும்போது, யாரிடமோ கொடுத்துவிட்ட பொருளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது போல இருக்கிறது. கொடுத்தவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கேட்டால், பார்க்க அதிகாரம் உண்டு, வைத்துக்கொள்ள இல்லை என்போம்.

எமது விடை இவ்விடத்தில்தான் கிடக்கிறது என்று நினைக்கிறோம். திரும்பச் செய்வதில் அநீதி இல்லை. அநீதி வேறொரு இடத்தில் நடக்கும். அதற்கு உதாரணமும் இதே இசை உலகத்திலேயே இருக்கிறது.

ஒஸி ஒஸ்போர்னின் முதலிரண்டு தனித் தட்டுக்கள் 1980 இலும் 1981 இலும் வந்தவை. பேஸ் வாசித்தவர் பொப் டெயிஸ்லி, ட்றம் லீ கேர்ஸ்லேக், கிற்றார் றண்டி றோட்ஸ். றோட்ஸ் 1982 மார்ச்சில் விமான விபத்தில் இறந்துபோனார், இருபத்தைந்து வயது. பின்னாளில் டெயிஸ்லியும் கேர்ஸ்லேக்கும் தமக்கு வரவேண்டிய பணத்துக்காக வழக்குப் போட்டார்கள். 2002 இல் அந்தத் தட்டுக்கள் மறுவெளியீடாக வந்தபோது அவர்கள் வாசித்தது அதில் இல்லை. பேஸையும் ட்றம்மையும் துடைத்துவிட்டு, வேறு இருவரைக் கொண்டு அந்தப் பகுதிகளைத் திரும்ப வாசித்துப் பொருத்தியிருந்தார்கள். குரல் பழையது, செத்துப்போன றோட்ஸின் கிற்றார் பழையது. அதன் அடியில் இருபது வருடம் பிந்திய வேறு கைகள். தன்னோடு சேர்ந்து வாசித்தவர்களை உருவி எடுத்துவிட்டு யாரையோ கொண்டுவந்து இருத்தியதை, செத்தவன் எழும்பிவந்து கேட்கவா போகிறான்? 2011 இன் மறுவெளியீட்டிற்தான் பழையவர்களின் வாசிப்பு திரும்பி வந்தது. கேர்ஸ்லேக் 2020 இலும் ஒஸ்போர்ன் 2025 இலும் இறந்துவிட்டார்கள். அந்த ஒன்பது வருடங்களில் அதை வாங்கிய ஒரு பெடியனுக்கு, தான் கேட்பது எவருடைய கை என்று தட்டு தானாகச் சொல்லியிருக்காது.

இதைக் கேட்டதும் எமது குசினி அமைதியானது. முன்னர் எம்மில் ஒருவர் வேலை செய்த ஒரு இடத்தில், கோப்பை கழுவிய ஒரு தமிழர் தமது கைப்பக்குவத்திற் செய்த பருப்புச் சூப் மெனுவுக்குள் ஏறியது. ஆள் சம்பளத்தைச் சரியாகக் கேட்டார், ஆளை அனுப்பினார்கள். சூப் நின்றது. அவர் போட்ட சீரகத்தைக் குறைத்து, கிறீம் விட்டு, ‘எங்கள் வீட்டுச் சூப்’ என்று எழுதிவைத்தார்கள். பெயரை எழுதாமல் விடுகிறோம். பெயர் முக்கியமில்லை, இப்படி எத்தனையோ குசினிகள்.

மறுபுறத்தில், ‘மனோவார்’ என்ற அமெரிக்கக் குழு செய்தது வேறு. 1982 இன் தமது முதற் தட்டை 2010 இல் முழுவதுமாகத் திரும்பப் பதிந்தார்கள். பழையதில் ஒரு பாட்டுக்குள் கதை சொல்லும் குரல் திரைப்பட மேதை ஓர்சன் வெல்ஸினுடையது. அவர் 1985 இற் போய்விட்டார். அந்த இடத்திற் புதியதிற் பேசுவது கிறிஸ்தோபர் லீ, எண்பத்தெட்டு வயதில். வெல்ஸைப் போலப் பேச அவர் முயலவில்லை. தமது குரலிற் பேசினார், தமது பெயரிற் பேசினார். 1982 இன் ட்றம்காரர் டொனி ஹம்சிக்கும் திரும்பி வந்து வாசித்தார். தட்டு பழையதற்கு ஈடா என்று கேட்டால் இல்லை என்போம். ஆனால் யாரும் யாருடைய கையையும் வெட்டவில்லை.

இன்னுமொரு வாதம் எமக்கு உறுத்துகிறது. திரும்பச் செய்பவர்களுக்காகப் பேசும் இரசிகர்கள் ‘இது இப்படித்தான் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கவேண்டும், அன்றைக்குப் பணமும் கருவியும் இல்லை’ என்பார்கள். பணம் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் இருபத்தைந்து வயதுக்காரன் வேண்டியது எதுவென்று ஐம்பத்தேழு வயதுக்காரருக்கு எப்படித் தெரியும்? பெயர் ஒன்று, கடவுச்சீட்டு ஒன்று என்பதற்காக ஆள் ஒன்றாகிவிடுமா? அகதி விசாரணையிற் சொன்ன வாக்குமூலத்தைப் பத்து வருடத்துக்குப் பிறகு வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேசியவன் நாம்தான். அவன் சார்பில் இப்போது பேச எமக்கு அனுமதி இருக்கிறதா என்பது வேறு விடயம். அவன் பயந்திருந்தான், அவசரப்பட்டான், சில இடங்களில் எமக்கே விளங்காத தைரியத்தோடு பேசினான். அவனைத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தால் முதலிற் போவது அந்தத் தைரியமாகத்தான் இருக்கும்.

பிளைன்ட் கார்டியன்காரர் 1992 இன் தட்டை எங்கும் ஒளிக்கவில்லை. கடையில் இரண்டும் கிடைக்கின்றன. தொலைபேசியிற் தேடினாலும் இரண்டும் வருகின்றன. ஆனால் அந்தத் தொலைபேசியில் எது முதலில் வரும் என்பதை அவர்களும் தீர்மானிப்பதில்லை, நாமும் தீர்மானிப்பதில்லை. பெடியனுக்குப் புதியதே முதலில் வந்தது. அவன் பழையதைக் கேட்டது குசினியில் ஒரு மனிதர் பிடிவாதமாகப் போட்டதாற்தான்.

இப்போது ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. பகல் வேலைக்குப் பழையது, இரவு கழுவித் துடைக்கும்போது புதியது. ‘ஆஷஸ் ரு ஆஷஸ்’ எந்தப் பதிவில் வந்தாலும் கோப்பை கழுவுபவர் தண்ணீரைப் பூட்டிவிட்டு நிற்பார். பெடியன் அதற்குக் காரணம் கேட்டான். நாம் இன்னும் சொல்லவில்லை.